அந்த ஸ்லைடில் உட்கரு எங்கே?

தணிகாசலம் பொய் எழுதியிருக்கிறார்.

நம் மருத்துவப் பணியாளர் ஓய்வுபெற்றோர் சங்க இதழில் சென்ற மாதம் வந்த அவருடைய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நம்ப முடியாமல். இரண்டாம் முறை, கோபப்படுவது சரிதானா என்று பார்த்துக்கொள்ள. சரிதான். மலேரியாக் குழுவோடு ஜவ்வாது மலையில் ஏறி இறங்கிய நாட்களைப் பற்றி எழுதுகிறார். எழுதட்டும். ஜீப், மழை, வழுக்கல் எல்லாம் உண்மை. நடுவில் ஒரு பத்தி வருகிறது. மலையில் ஒரு மருத்துவமனையின் கிளை இருந்ததாம். அங்கே வேலை பார்த்த பெண் டெக்னீஷியன் சாய அழுக்கைப் பார்த்துக் கிருமி என்று சொல்லி மலை மக்களைப் பயமுறுத்தினாராம். இவர்கள் போய்ச் சரிசெய்தார்களாம்.

அந்தப் பெண் டெக்னீஷியன் நான். பெயர் போடாததால் எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாரோ, நான் செத்துவிட்டேன் என்று நினைத்தாரோ, தெரியவில்லை. நான் உயிரோடுதான் இருக்கிறேன். கண் ஒன்றில் அறுவை செய்திருக்கிறார்கள், மற்றபடி நன்றாகவே தெரிகிறது.

என்னோடு வேலை பார்த்த சின்னப் பெண்கள் அதைப் படித்துவிட்டு போன் செய்தார்கள். "மேடம், அது நீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன். இப்போது அவர்கள் கையில் மலேரியா பார்க்கும் கார்டு இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம், இரண்டு கோடு, முடிந்தது. அது நல்லதுதான். அந்தக் காலத்தில் அது இருந்திருந்தால் நானும் அதைத்தான் தூக்கிக்கொண்டு மலை ஏறியிருப்பேன். ஆனால் கார்டு இல்லாத நாளில் நாங்கள் எதைப் பார்த்தோம், எப்படிப் பார்த்தோம் என்று தெரியாதவர்களுக்கு தணிகாசலத்தின் பத்தி உண்மை போலத் தோன்றும். தோன்றக் கூடாது.

நான் ஆலங்காயத்துப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். பள்ளி இறுதி முடித்ததும் அடிவாரத்தில் இருந்த ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருஷம் கண்ணாடிச் சாமான் கழுவினேன். இரண்டாம் வருஷம் மலமும் சிறுநீரும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் ரத்தத்தைத் தொட விட்டார்கள். விட்டவர் டாக்டர் எஸ்தர்.

டாக்டர் எஸ்தரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். குள்ளமான பெண்மணி. மைக்ராஸ்கோப்பில் குனியும் முன் கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தானையில் செருகிக்கொள்வார். கோபம் வந்தால் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். நாம் செய்த ஸ்லைடு பிடிக்காவிட்டால் திட்ட மாட்டார். அதைக் குப்புறக் கவிழ்த்துத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். நன்றாக இருந்தாலும் பாராட்ட மாட்டார். ஒரு துடைத்த புது ஸ்லைடை எடுத்து நம் கையில் கொடுப்பார், அவ்வளவுதான். அந்தப் புது ஸ்லைடுக்காக நாங்கள் உயிரை விடுவோம்.

அவர் எங்களிடம் கேட்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உட்கரு எங்கே?"

செல் என்றால் என்னவென்று புத்தகத்தில் படித்திருந்தோம். சுவர், சாறு, நடுவில் உட்கரு, அதைச் சுற்றி இன்னும் சின்னச் சின்ன உறுப்புகள். படத்தில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். மைக்ராஸ்கோப்பில் அப்படி இருக்காது. சாயம் ஏறாத ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. சாயம் ஏற்றினால்தான் உட்கரு ஊதாவாகவும், சைட்டோபிளாசம் நீலமாகவும், வெள்ளணுக்களின் துகள்கள் தனித்தனியாகவும் பிரிந்து தெரியும். சாயம் சரியாக ஏறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டாக்டர் சொல்லிக்கொடுத்த வழி இது. கிருமியைத் தேடாதே. முதலில் ஒரு வெள்ளணுவைத் தேடு. அது எல்லார் ரத்தத்திலும் இருக்கும். அதன் உட்கரு கருநாவல் நிறத்தில் திடமாகத் தெரிந்தால் உன் சாயம் ஒழுங்கு. தெரியாவிட்டால் அந்த ஸ்லைடை வைத்து வாயைத் திறக்காதே. இருக்கிறது என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே.

அடுத்தது மலேரியாக் கிருமி. சிவப்பணுவுக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கும். மெல்லிய நீல வளையம், அதன் விளிம்பில் சிவப்புப் புள்ளி. மோதிரத்தில் கல் பதித்தது போல. வளையம் அதன் சைட்டோபிளாசம், கல் அதன் உட்கரு. இரண்டும் சேர்ந்து தெரிந்தால்தான் கிருமி. கல் மட்டும் தெரிந்தால் அது சாயத் துணுக்கு. வளையம் மட்டும் தெரிந்தால் அது வேறு ஏதோ. "இரண்டையும் பார்த்தியா ஆரோக்கியம்?" என்று கேட்பார். பார்த்தேன் என்றால் தானும் குனிந்து பார்ப்பார். பார்க்காமல் அவர் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மருத்துவமனை புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் தகரக் கூரை போட்ட ஒரே அறையில் கிளை திறந்தது. கரண்ட் கிடையாது. மைக்ராஸ்கோப்பின் அடியில் இருக்கும் கண்ணாடியை ஜன்னல் வெயிலுக்குத் திருப்பித்தான் பார்ப்போம். மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். என்னை அங்கே போட்டார்கள். வாரத்தில் சில நாள் டாக்டர் வருவார்.

நான் ஒவ்வொரு முறை மலை ஏறும்போதும் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவேன். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு வகை உப்பை அளந்து கரைத்த தண்ணீர். பஃபர் என்போம். சாயத்தை அதில்தான் கலக்க வேண்டும். டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. ஊரில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. ஊற்று ஓடும் மலைக்கு ஒருத்தி கீழே இருந்து தண்ணீர் தூக்கி வருகிறாள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? "இன்னா ரத்தக்காரி, எங்க மலைல தண்ணி வத்திப்போச்சா, தூக்கினு வர்ற?" என்று புளி உலுக்கப் போகும் பெண்கள் கேட்பார்கள். ரத்தக்காரி என்பது எனக்கு வைத்த பெயர். விரலில் குத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அங்கே காளியம்மாள் என்று ஒரு பெண். சின்ன வயது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மறுபடி உண்டாகியிருந்தாள். நாள் விட்டு நாள் குளிர் காய்ச்சல். வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கியபடி வந்து உட்கார்ந்தாள். குத்தப் போனால் வாயை மூட மாட்டாள். "யக்கா, எந்தப் பக்கம் குத்தினாலும் கொஞ்சூண்டுதான் வரும். என் ரத்தத்துல பாதிய இந்தக் காய்ச்சல் குடிச்சிட்டுது."

இடது கை மோதிர விரல். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுப்பேன். ஒரே ஸ்லைடில் ஒரு பக்கம் கெட்டியாக ஒரு சொட்டு, மறு பக்கம் இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் இழுத்த மெல்லிய படலம். எறும்பும் ஈயும் வராத இடத்தில் காய வைக்க வேண்டும். விட்டால் ரத்தத்தைத் தின்றுவிட்டுச் சுத்தமான கண்ணாடியை நமக்கு விட்டுவைக்கும். மெல்லிய படலத்தை மட்டும் மெத்தனாலில் நனைக்க வேண்டும். கெட்டிச் சொட்டில் மெத்தனால் படக் கூடாது. பிறகு சாயம், காத்திருத்தல், கழுவுதல், நிறுத்திக் காய வைத்தல், லென்ஸுக்கு அடியில் ஒரு எண்ணெய்ச் சொட்டு.

காளியம்மாளின் ஸ்லைடில் முதலில் வெள்ளணுவைப் பார்த்தேன். உட்கரு திடமாக இருந்தது. பிறகு மோதிரங்கள். கல்லோடு. பார்க்கும் இடமெல்லாம் இருந்தன.

அவளும் பார்க்க வேண்டும் என்றாள். தன் ரத்தம்தானே, பார்க்கட்டும் என்று விட்டேன். வெள்ளணுவின் மேல் வைத்திருந்தேன். கணு கணுவாக வளைந்த உட்கரு. "இது இன்னா, உள்ள புளியங்கா மாரி கீது?" என்றாள். புத்தகத்தில் பலமடல் உட்கரு என்று போட்டிருந்ததைப் படித்து நான் மனப்பாடம் செய்தவள். அதன் பிறகு எனக்கு அது புளியங்காய்தான். வெளியே காத்திருந்த பெண்களும் வரிசை கட்டினார்கள். சிவந்த துகள் நிறைந்த இன்னொரு வெள்ளணுவைக் காட்டினேன். "கேவுரு கொட்டி வெச்ச மாரி" என்று கேழ்வரகைச் சொன்னாள் ஒருத்தி. உட்கருவே செல் முழுவதையும் அடைத்திருக்கும் வகையைப் பலாக்கொட்டை என்றார்கள். டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "பேர் சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஒரு புது ஸ்லைடை என் கையில் கொடுத்தார்.

அந்த ஊரில் அந்தப் பருவத்தில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் கிடந்தார்கள். ஸ்லைடுக்கு மேல் ஸ்லைடு மோதிரம். ஆனால் ஊர் முழுவதற்கும் மாத்திரை வேண்டும், வீடுகளுக்குக் கொசு மருந்து அடிக்க வேண்டும் என்றால் அது எங்கள் கையில் இல்லை. கீழே இருக்கும் மலேரியா அலுவலகம் செய்ய வேண்டும். டாக்டர் அங்கே தெரிவித்தார். சர்வே எடுக்க ஒரு குழு வந்தது. மேற்பார்வையாளர் தணிகாசலம். அப்போது அவருக்கும் என் வயதுதான் இருக்கும். நல்ல உழைப்பாளி, அதை மறுக்க மாட்டேன். மழையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். எடுத்த ஸ்லைடு ஈரத்தில் கெட்டுவிடும் என்று பயந்து அந்த ஊரிலேயே சாயம் போட்டு, பார்த்தும் முடித்தார். ஒரு ஸ்லைடிலும் கிருமி இல்லை என்று எழுதினார். என் ஸ்லைடுகளை வாங்கி அவசரமாகப் பார்த்துவிட்டு, தன்னுடையதில் இல்லாதது இதில் எப்படி இருக்கும் என்று, அந்தச் சிவப்புப் புள்ளிகள் எல்லாம் சாய மண் என்றார். என் முகத்துக்கு நேரே சொன்னார். "அனுபவம் போதாதும்மா" என்று கூடவே சொன்னார்.

அதன் விளைவு என்ன தெரியுமா? மலேரியா இல்லாத ஊருக்கு மாத்திரை எதற்கு என்று எங்கள் கிளைக்கு வந்துகொண்டிருந்த மாத்திரை நின்றது. மருந்தடிக்கும் ஆட்கள் வரவில்லை. காளியம்மாளுக்கு ஒரு முறை மாத்திரை கொடுத்துக் காய்ச்சல் நின்றிருந்தது. சுற்றி எல்லார் வீட்டிலும் கொசுவும் காய்ச்சலும் இருந்தால் அது எத்தனை நாள் நிற்கும்? மறுபடி கம்பளியோடு வந்து உட்கார்ந்தாள். பிரசவத்துக்கு அதிக நாள் இல்லை. இந்தப் பிள்ளையும் போய்விடுமா என்று அவள் கேட்கவில்லை. வாயாடி வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அதுதான் என்னை உலுக்கிவிட்டது.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் சடையன் வந்தார். நல்ல மனிதர். கோபப்படவில்லை. "ஆபீசர் இல்லன்றாரு. நீ கீதுன்ற. ரெண்டு பேரும் அதே ரத்தத்தத்தான பாத்தீங்க? நாங்க யார நம்பறது?" என்று கேட்டார். அதற்கு மறுநாளிலிருந்து யாரும் விரல் நீட்டவில்லை. நியாயம்தான். நானாக இருந்தாலும் நீட்டியிருக்க மாட்டேன்.

கீழே இறங்கிப் போய் டாக்டரிடம் கத்தினேன். அவர் குரல் இறங்கியது. காதைக் கிட்டே கொண்டு போனேன். "அவரோட ஸ்லைடு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு மலைக்கு வரச் சொல்லு. ஊர்க்காரங்க முன்னாடி. நாம தப்புன்னா நான் எழுதிக் குடுக்கறேன்."

தணிகாசலம் வந்தார். பயந்து ஒளியவில்லை. ஜீப்பில் ஸ்லைடுப் பெட்டிகளோடு, தன்னுடைய சாயப் பாட்டிலோடு நல்ல வெயில் நாளில் வந்தார். அறை வாசலில் ஊரே நின்றது. காளியம்மாளை ஒரு முக்காலியில் உட்கார வைத்திருந்தோம்.

டாக்டர் என் ஸ்லைடுகளை வெளியே எடுக்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் செருகினார். "உங்க ஸ்லைடை வைங்க" என்றார். அவர் வைத்தார். டாக்டர் குனியவில்லை. "கிருமி வேண்டாம். எனக்கு ஒரு வெள்ளணு காட்டுங்க, போதும்" என்றார்.

தணிகாசலம் சிரித்துக்கொண்டே குனிந்தார். ஒன்றைக் கண்டுபிடித்தார். "இதோ."

"அதுல உட்கரு எங்கே?"

அவர் திருகைத் திருப்பினார். கீழே உள்ள கண்ணாடியை வெயிலுக்குச் சரியாகத் திருப்பினார். வேறு வெள்ளணுவைத் தேடினார். ஸ்லைடை மாற்றினார். இன்னொன்றை வைத்தார். அவர் கழுத்து வேர்ப்பதை நான் பின்னால் நின்று பார்த்தேன். வாசலில் ஒரு ஆடு கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் நிமிர்ந்தார்.

"வெளுத்துப் போயிருக்குதுங்க டாக்டர். ஒண்ணுலயும் சரியா ஏறல."

அவர்தான் சொன்னார். டாக்டர் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"உங்க சாயம் நல்ல சாயம்தான். எந்தத் தண்ணியில கலந்தீங்க?"

"எங்க தண்ணி வழியில தீந்துபோச்சு. இங்க ஊத்துத் தண்ணிதான். கண்ணாடி மாரி இருந்துதுங்களே."

கண்ணாடி மாதிரிதான் இருக்கும். குடிக்க அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஆனால் இலை மக்கிய மண்ணுக்குள் ஊறி வரும் தண்ணீர். லேசாகப் புளிப்புத் தன்மை உண்டு. நாக்குக்குத் தெரியாது. சாயத்துக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் உட்கரு நிறம் வாங்காது. எல்லார் ரத்தத்திலும் இருக்கும் வெள்ளணுவின் உட்கருவே தெரியாத ஸ்லைடில், அதைவிடப் பல மடங்கு சின்னக் கிருமியின் உட்கரு எப்படித் தெரியும்? அவர் எழுதிய 'இல்லை' எல்லாம் இல்லை அல்ல. அவர் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

டாக்டர் அத்தோடு விடவில்லை. காளியம்மாளின் ரத்தத்தில் இரண்டு ஸ்லைடு போடச் சொன்னார். தணிகாசலமே குத்த வேண்டும், அவரே சாயம் போட வேண்டும், அவருடைய பாட்டிலிலிருந்து. ஒன்று ஊற்றுத் தண்ணீரில். ஒன்று நான் தூக்கி வந்த தண்ணீரில். தணிகாசலம் விரலைப் பிடித்ததும் காளியம்மாளுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. "எத்தினி தபாதான் என்னியே குத்துவீங்க? ஒரு தபா ஆபீசரயும் குத்திப் பாருங்க, அவருக்கும் ரத்தம் கீதான்னு பாப்பம்." வாசலில் சிரிப்பு. தணிகாசலமும் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தார்.

சாயம் ஏறும் வரை எல்லாரும் அங்கேயே நின்றோம். கழுவினார். காய வைத்தார். ஊற்றுத் தண்ணீர் ஸ்லைடை முதலில் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு ஓரமாக வைத்தார். அடுத்ததை வைத்துக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார்.

"வளையமும் தெரியுது. உட்கருவும் தெரியுது" என்றார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் தட்டிலிருந்து ஒரு புது ஸ்லைடை எடுத்தார். என்னிடம் கொடுக்கவில்லை. தணிகாசலத்தின் கையில் கொடுத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தணிகாசலம் எழுந்து வாசலுக்குப் போனார். சடையன் கவுண்டர் முன்னால் நின்றார். ஊர் கேட்கச் சத்தமாகச் சொன்னார்: "கவுண்டரே, இந்த ஊர்ல மலேரியா இருக்குது. அந்தம்மா பாத்தது சரி. நான்தான் பாக்காம எழுதிட்டேன்."

கவுண்டர் என்ன செய்தார் தெரியுமா? தன் விரலை நீட்டினார். "அப்ப என்னுதயும் பாருங்க" என்றார். அவருக்குப் பின்னால் ஊரே விரல் நீட்டியது. அன்று மேகம் வரவில்லை. வெயில் இறங்கும் வரை நானும் தணிகாசலமும் மாறி மாறிக் குத்தினோம், மாறி மாறிப் பார்த்தோம். பெண்கள் எட்டி எட்டிப் பார்த்து, "புளியங்கா தெரிதா?" என்று முதலில் அதைத்தான் கேட்டார்கள். தெரிந்தது. ஒவ்வொன்றிலும் தெரிந்தது. என் வேலைக்காலத்தில் அதைப் போல ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த மழைக்கு முன்பே மாத்திரை வந்தது. வீடு வீடாக மருந்து அடித்தார்கள். அந்தக் குழுவை அழைத்து வந்தவரும் தணிகாசலம்தான், கூடவே நின்று ஒரு வீடு விடாமல் அடிக்க வைத்தார். காய்ச்சல் இறங்கியது. காளியம்மாளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கத்திக்கொண்டு பிறந்தது என்று தாதி சொன்னாள். அம்மாவைப் போல. அதற்குப் பிறகு நான் மலை ஏறினால் தண்ணீர்ப் பாட்டிலை என் கையில் யாரும் விட்டதில்லை. ரத்தக்காரம்மா தண்ணி என்று யாராவது வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போவார்கள். ரத்தக்காரி, ரத்தக்காரம்மா ஆனேன். ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தேன். எந்த ஸ்லைடையும் வெள்ளணுவைப் பார்க்காமல் பார்த்ததில்லை.

இப்போது தணிகாசலத்துக்கு.

ஐயா, தவறு எல்லாருக்கும் வரும். தண்ணீர் தீர்ந்துபோனதும், ஊற்று தெளிவாக இருந்ததும் உங்கள் குற்றம் இல்லை. நீங்கள் அன்று செய்த காரியத்தை நானும் பார்த்தேன், டாக்டர் எஸ்தரும் பார்த்தார், ஊரும் பார்த்தது. ஒரு மேற்பார்வையாளர் மலைக்காரர்கள் முன்னால் நின்று நான் பார்க்கவில்லை என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை. உங்கள் சர்வீஸில் நீங்கள் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அதைத்தான் நீங்களே உங்கள் கட்டுரையில் அழித்திருக்கிறீர்கள். என்னைச் சிறுமைப்படுத்தியதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் எஸ்தர் இறந்துவிட்டார். அவர் பதில் சொல்ல முடியாது. நான் சொல்லிவிட்டேன். காளியம்மாள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகளோடு. வேண்டுமானால் போய்க் கேளுங்கள். அவள் வாய் இன்னும் அடங்கவில்லை.

எனக்கு போன் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம். இதே இதழில், நீங்கள் எழுதிய அதே பக்கத்தில், எல்லாரும் படிக்கும்படி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அன்று உங்கள் கையால் குத்தி, உங்கள் சாயம் போட்டு, உங்கள் கண்ணால் பார்த்தீர்களே. அந்த ஸ்லைடில் உட்கரு தெரிந்ததா, இல்லையா?